காந்தம் ஏற்றுகிற ஆண்டியப்பன்

இரணைமடுச் சந்தியிலிருந்து உள்ளே போகிற கிறவல் பாதையில் தகரம் அடித்த ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தண்ணீர்ப் பம்பு எரிந்துபோனவனும், மில்லில் மோட்டார் நின்றுபோனவனும் வழி கேட்காமலே அங்கே வந்து சேருவார்கள். உள்ளே கம்பிச் சுருள்களுக்கு நடுவில் ஆண்டியப்பன் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம். அப்போது அவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சின்னப் பிள்ளை. இத்தனை காலம் இந்த மண்ணில் கிடந்து அடிபட்டும், அவரைத் 'தோட்டத்து ஆள்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பம்பு எரிந்த அன்றைக்கு மட்டும் அவர்களுக்கு அவர் 'அண்ணை' ஆகிவிடுவார்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது பிழைப்பு. ஆனால் மனம் வைத்துச் செய்கிற வேலை ஒன்று உண்டென்றால் அது காந்தம் ஏற்றுவதுதான். அதையும் அவர் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் கரண்டும் கிடையாது, பற்றறியையும் அரசாங்கம் உள்ளே வர விடாது. சனம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோ கேட்டது. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். டைனமோ பழுதானால் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது. கூட்டுக்குள் இருக்கிற காந்தத்தைச் சும்மா வெளியே இழுத்து எடுத்தால் அதன் பலம் போய்விடும் என்று யாருக்குத் தெரியும்? அப்படிச் செத்த டைனமோக்களை ஆண்டியப்பன் வாங்கிவைத்து, பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தால் உரசி உரசி மறுபடி பலமேற்றிக் கொடுத்தார். பிறகு பற்றறிகள் வந்தபோது, தடித்த கம்பி சுற்றிய இரும்பு ஒன்றைச் செய்து, லொறிப் பற்றறிகளை அதில் கொழுவி, ஒரே அடியில் ஏற்றப் பழகிக்கொண்டார்.

சிவதர்சினி மாசி மாதத்தில் கலியாணம் முடித்துப் போன பூநகரியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான சாமான் ஒன்று கையில். ஏறும்போது கொண்டக்டர், "என்ன பிள்ளை, துவக்கோ?" என்று கேட்டு பஸ் முழுக்கச் சிரித்ததாம். துப்பாக்கி என்ற பகிடிக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடை வாசலில் நின்று அதையும் சொல்லிவிட்டுத்தான் விரிப்பை அவிழ்த்தாள்.

"அண்ணை, இதில காந்தம் செத்துப்போச்சு. நீங்கள் உயிர் குடுப்பியள் எண்டு பூநகரியில மைக்செற் போடுற ஆள் சொன்னவர்."

மடியில் கிடத்தி, இரும்பு உருளையைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கிற ஸ்டீல் கிற்றார் அது. கறுத்த மரம், அங்கங்கே வெடிப்பு. கம்பிகளுக்கு மேலே இரண்டு லாடக் காந்தங்கள் எதிரெதிராகக் கவிழ்ந்து நின்றன. கம்பிகள் அவற்றின் வயிற்றுக்குள்ளால் போயின. அடியில் தலைமயிரைவிட மெல்லிய கம்பி சுற்றிய ஒரு சுருள். ஆண்டியப்பன் இப்படி ஒன்றைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் ஒரு கம்பியைத் தட்டினார், பிறகு சிரித்தார்.

"டைனமோதான் பிள்ளை. அது சுத்துது, இது நடுங்குது. கம்பி நடுங்கினால் சுருளுக்குள்ள கரண்ட் வரும். காந்தம் சோர்ந்தால் சத்தமும் சோரும்."

காந்தங்களைக் கழற்றிக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றது. கால்கள் இரண்டும் கல்லில் தேய்த்த மாதிரிக் கீறிக் கிடந்தன. வளைவில் கயிறு கட்டிய அடையாளம். ஒரு பக்கம் புகை படிந்து பழுத்திருந்தது.

"இதை ஆர் மண்ணில இழுத்தது?"

"அப்பா" என்றாள் சிவதர்சினி.

அவளுடைய தகப்பன் வீரகத்தி ஒரு காலத்தில் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இந்தக் கிற்றாரை வாசித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்குக் காணி கிடைத்து வந்த குடும்பம். பகலில் வயல், இரவில் மேடை. கொழும்பில் ஹோட்டலில் வாசித்த ஒரு பறங்கியரிடம் வாங்கியதாகச் சொல்லுவாராம். கடைசி இடப்பெயர்வில் எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார்: பொலித்தீனால் சுற்றி, பிளாஸ்ரிக் பீப்பாவில் போட்டு, முற்றத்தில் தாட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்து தோண்டியபோது கம்பிகள் துருப்பிடித்திருந்தன, காந்தம் நன்றாகவே இருந்தது. அதைக் கொன்றது யுத்தம் இல்லை. வீரகத்தியேதான்.

முற்றமெல்லாம் சண்டையில் வந்து விழுந்து வெடித்த செல் துண்டு. எரிந்த கூரையின் ஆணி வேறு. குழந்தைகளின் காலில் குத்தியது, சைக்கிள் ரயரைக் கிழித்தது. மீளக் குடியேறிய காலத்தில் எந்த வளவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு திரிவார். வீரகத்தியிடம் ஒலிபெருக்கி இல்லை. கிற்றாரின் இரண்டு காந்தங்களையும் கழற்றிக் கயிறு கட்டிவிட்டார். பின்நேரம் முழுக்க முற்றத்தில் இழுப்பார். காந்தம் தாடி வளர்த்துக்கொண்டு வரும். அம்மிக்கல்லில் டங்கு டங்கென்று அடித்து அதை உதிர்ப்பார். அப்படி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் காந்தத்தின் பலம் குறைந்துகொண்டே போகும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. வேலை முடிந்ததும் குசினியில் அடுப்புக்கு மேலே கொழுவிவைத்தார். சூடும் தன் பங்குக்குத் தின்றது. அவர் செத்த பிறகு மகள்தான் அவற்றை எடுத்துத் திரும்பப் பூட்டினாள்.

"வாசிச்சுப் பாத்தனான் அண்ணை. கிணத்துக்குள்ள இருந்து ஆரோ கூப்பிடுற மாதிரிக் கேக்குது."

"இத்தினை வருசம் கழிச்சு இப்ப ஏன் பிள்ளை?"

அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள். தையல்தான் அவளுடைய வேலை. சில மாதங்களாகத் தலையிடி. வலது கண்ணில் புகை மாதிரி ஏதோ விழுகிறது, ஊசி கோக்க முடியவில்லை. சட்டைக் கை ஒன்று நீளமாகவும் ஒன்று கட்டையாகவும் தைத்துக் கொடுத்து ஏச்சும் வாங்கியாகிவிட்டது. பரந்தனில் ஒரு இசைக்குழுவுக்கு ஆள் தேவையாம்.

"அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிக்கிறவர். கண் போனாலும் இதை வாசிக்கலாம்."

"வாயைக் கழுவு பிள்ளை. கண் ஏன் போகுது" என்றார் ஆண்டியப்பன்.

இரண்டாம் முறை அவள் வந்தது காந்தம் ஏற்றுவதைப் பார்க்க. ஆண்டியப்பனின் மனைவி கமலாட்சி தேத்தண்ணி கொண்டுவந்து, வழக்கம்போல வாசலுக்கு வெளியே இருந்த எண்ணெய்ப் பீப்பாவின்மேல் வைத்தார். ஏற்றுகிற நேரத்தில் அவர் கடைக்குள் காலெடுத்து வைக்கவே மாட்டார்.

"உள்ள வாவனப்பா" என்று ஆண்டியப்பன் கூப்பிட்டார்.

"எனக்கு உந்த நெருப்புப்பொறி பயம். உங்களுக்குக் காந்தத்தைக் கண்டால் சோறும் வேண்டாம், மனிசியும் வேண்டாம்." இடக்கையை நெஞ்சோடு அணைத்தபடி கமலாட்சி திரும்பிப் போனார். அந்தக் கை தோளுக்கு மேலே தூக்க வராது. சண்டை முடிந்து சனத்தை அடைத்துவைத்த முகாமில் முள்ளுக்கம்பிமேல் விழுந்து முதுகு கிழிந்தபோது வந்த குறையாம்.

ஆண்டியப்பன் லாடத்தின் இரண்டு கால்களையும் தன் இரும்பின்மேல் நிறுத்தினார். கம்பி முனையைப் பற்றறியில் ஒரு தட்டுத் தட்டினார். படாரென்று பொறி பறந்தது, லாடம் இரும்போடு ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு தட்டு. எடுப்பதற்கு முன் கால்களுக்குக் குறுக்கே ஒரு இரும்புத் துண்டைத் தள்ளிவைத்தார். அப்படி வைக்காமல் எடுத்தால் ஏற்றியதில் பாதி இறங்கிப்போகும். பிறகு திசைகாட்டியைக் கிட்டப் பிடித்து எது வடக்கு, எது தெற்கு என்று பார்த்துச் சோக்கட்டியால் அடையாளம் போட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே முகம்தான் எதிரெதிரா வரவேணும். ஒண்டையொண்டு தள்ளும். வேலிச் சண்டைக்காரர் மாதிரி, தள்ளிக்கொண்டே நிக்கவேணும். அப்பதான் சத்தம் வரும்."

பூட்டுகிறபோது திரும்ப ஏற்றத்தானே போகிறோம் என்று இரும்புத் துண்டை விலக்கி, ஆணிப் பெட்டிக்குள் லாடத்தைக் காட்டினார். ஆணிகள் கொத்தாக எழும்பி வந்தன. சிவதர்சினி கைகொட்டிச் சிரித்தாள். ஆணிகளைத் தட்டிவிட்டு அவர் அதை அவளிடம் கொடுத்தார். வளைவில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. அதை வாசிப்பதற்கு அவள் வலது கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். புகை விழுந்த கண்ணல்லவா, இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

புருவத்துக்குக் கீழே, கண்மடலுக்கு மேல், தோல் துடித்து முன்னே எழும்பியது. அவள் 'அம்மா' என்று லாடத்தைக் கைவிட்டாள். அது சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது.

"இரும்பு இருக்கோ பிள்ளை?"

"இல்லை."

கேள்வி முடியுமுன்னமே வந்த 'இல்லை'. ஆண்டியப்பனுக்கு அந்த 'இல்லை'யை நன்றாகத் தெரியும். வன்னியில் அதைத் தெரியாத ஆள் யார்? உடம்பில் காயம் இருந்தால், இயக்கத்தில் இருந்து சண்டை பிடித்தாயா என்று ஆமிக்காரர்கள் கேட்பார்கள். வரிசையிலிருந்து தனியாகக் கூப்பிடுவார்கள். அதனால் முகாமில் இல்லை, சோதனைச் சாவடியில் இல்லை, பதிவுக்கு வந்தவனிடம் இல்லை, பெண் பார்க்க வந்தவர்களிடம் இல்லை. காயம் ஆறிவிட்டது, கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். வாய் மட்டும் ஆறவில்லை. இப்படி ஒரு சனத்தைப் பழக்கிவிட்டு, பிறகு இவர்கள் உண்மை பேசுவதில்லை என்று சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர் குனிந்து லாடத்தை எடுத்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு சின்னச் செல் பீஸ் அண்ணை. அரிசி மணி அளவுதான். சண்டை முடியிற கடைசி நாளில பட்டது. அது தன்ர பாட்டில கிடக்குது எண்டு விட்டிட்டம். இவருக்குத் தெரியாது. கலியாணம் பேசேக்க, சைக்கிளால விழுந்த காயம் எண்டு அம்மா சொல்லிப்போட்டா. பிறகு எப்பிடி மாத்திறது? சொல்லிப்போடாதேங்கோ."

"முறிகண்டிப் பிள்ளையார் அறியச் சொல்லமாட்டன். ஆனால் டொக்டருக்காவது சொல்லு பிள்ளை. தலையிடி அதாலயோ தெரியாது."

"அவரும் கூடவே வாறவர் அண்ணை. அவருக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? புதன்கிழமை தெற்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போறம். தலையை முழுசா ஸ்கேன் எடுக்கவேணுமாம்."

ஆண்டியப்பனுக்கு மனம் லேசாகிவிட்டது. அப்போது அவர் ஒன்று சொன்னார். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்.

"அப்ப நல்லதாப் போச்சு. நீ வாயால ஒண்டும் சொல்லத் தேவையில்லை. படத்தில அதுவே தெரியும். டொக்டர் பாத்துக்கொள்ளுவார்."

வன்னியில் எல்லாமே ஸ்கேன்தான். வயிற்றில் பிள்ளையைப் பார்த்தாலும் ஸ்கேன், எலும்பைப் பார்த்தாலும் ஸ்கேன். தலையைப் படமெடுக்கிற மெசின்களில் ஒன்று பெரிய காந்தம் என்பதும், உடம்பில் இரும்பு இருக்கிறவரை அதற்குள் விடக்கூடாது என்பதும், வாழ்நாள் முழுக்கக் காந்தத்தோடு கிடந்த அந்த மனிதருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கிற்றாரை விட்டுவிட்டு, கண் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு அவள் பஸ் ஏறினாள்.

புதன்கிழமை முன்நேரம் ஆண்டியப்பன் கிற்றாரின் பழுதடைந்த சுருளையும் புதிதாகச் சுற்றி முடித்து, காந்தங்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒன்றையொன்று தள்ளுகிற லாடங்களை அழுத்திப் பிடித்து ஆணி முறுக்குவது லேசான வேலையில்லை. அந்த நேரம் பார்த்துப் பரமேஸ்வரன் பம்போடு வந்தார். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர், வாய் ஓயாதவர். கிற்றாரில் ஒட்டியிருந்த திருப்புளியைப் பிடுங்கப் பார்த்து, வராமல் சிரித்தார்.

"ஆண்டியப்பண்ணை, இது என்ன இழுவை! எனக்கு முதுகு நாரிக்கு ஸ்கேன் எடுத்த மெசின் மாதிரிக் கிடக்கு."

"என்ன மெசின்?"

"குழாய் மாதிரி ஒண்டு, அதுக்குள்ள படுக்கவேணும். மோதிரம், அரைஞாண் எல்லாம் கழட்டச் சொன்னவை. அது பெரிய காந்தமாம் அண்ணை. இரும்புக் கதிரையையே இழுத்துப்போடுமாம். உடம்புக்குள்ள செல் பீஸ் இருக்கோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவை. இருந்தால் ஆள் முடிஞ்சுதாம்."

ஆண்டியப்பன் அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்தார். லாடம் துள்ளி மேசைக்கு அப்பால் போய் விழுந்தது. போனை எடுத்துச் சிவதர்சினியின் நம்பரை அடித்தார். எடுத்தது அவளுடைய புருஷன் தயாபரன்.

"ஓம், ஆர்?"

"தம்பி, நான் ஆண்டியப்பன். கிற்றார் திருத்திற ஆள். தங்கச்சி இல்லையோ?"

"இப்பதான் உள்ள கூட்டிக்கொண்டு போகினம் அண்ணை. போன் என்னட்டத் தந்திட்டுப் போறா. என்ன விசயம்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கேட்டவன் புருஷன். கொடுத்தது பிள்ளையார்மேல் சத்தியம். சொன்னால் அவளுடைய கலியாணம் என்னாகும்? இத்தனைக்கும் மேலே, கேள்வி வந்தவுடன் மூடிக்கொள்கிற பழக்கம் அவருடைய வாய்க்கும் இருந்தது.

"கிற்றார்... கிற்றார் சரியாயிற்றுது தம்பி. அதைச் சொல்லத்தான்..."

"நல்லது அண்ணை. வந்து எடுக்கிறம்."

போன் வைக்கப்பட்டது. பரமேஸ்வரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிற்றாராம், கிற்றார்! ஆண்டியப்பன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு மறுபடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தார். இந்த முறை தயாபரன் எடுத்தான்.

"தம்பி, அவவின்ர கண்ணுக்கு மேல ஒரு செல் பீஸ் இருக்கு!"

தயாபரன் மெதுவாகச் சொன்னான்:

"தெரியும் அண்ணை."

"தெரியுமோ?"

"கலியாணம் முடிச்ச புதுசிலயே தெரியும். முகம் தடவேக்க கையில தட்டுப்பட்டது. அவா சொல்லேல்லை, நான் கேக்கேல்லை. கேட்டால் அழுவா எண்டு விட்டிட்டன். இப்பவும் நேர்ஸ் கேக்கேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். அவா இல்லை எண்டா. உங்களுக்குத் தெரியுமோ எண்டு என்னட்டயும் கேட்டவை. அவா என்ர முகத்தைப் பாத்தா அண்ணை. நானும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ தம்பி, அந்த மெசின் காந்தம்! ஓடு! நிப்பாட்டச் சொல்லு!"

போன் எங்கோ விழுந்தது. செருப்பு ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். கதவொன்றைக் கையால் மாறி மாறி அடிக்கிற சத்தம் வந்தது. ஆண்டியப்பன் போனைக் காதில் வைத்தபடி நின்றார், கடைசி வரைக்கும் அதை வைக்கவில்லை.

மெசினை நிற்பாட்டியபோது காரியம் முடிந்திருந்தது. அரிசி மணி அளவு இரும்பு அத்தனை வருடமாகக் கிடந்த இடத்தை விட்டு அசைந்து, கண்ணைக் கிழித்து உள்ளே இரத்தம் விட்டுவிட்டது. சத்திரசிகிச்சை செய்து பீஸை எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? கேட்க வேண்டியதை அங்கே கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய மூன்று பேருக்கும் விசயம் தெரியும். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக் காப்பாற்றியே அவளுடைய ஒரு கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள்.

ஆவணியில் சிவதர்சினியும் தயாபரனும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தயாபரன் உள்ளே வராமல் வேலியோரம் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்டியப்பன் பல மாதமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். "நான்தான் பிள்ளை, வாயால சொல்லத் தேவையில்லை எண்டு..."

"நீங்கள் சொல்லாட்டிலும் நான் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன் அண்ணை. மூண்டு தரம் கேட்டவை. தமிழ்ப் பிள்ளை ஒண்டு வந்து தமிழிலயும் கேட்டது. செல் பீஸ் இருக்கோ அக்கா, யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டு கேட்டது. எனக்கு அது ஆமிக்காரன் கேக்கிற மாதிரித்தான் கேட்டுது."

"இவர் என்ன சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வீட்டில அதைப் பற்றி இன்னும் ஒரு கதையும் இல்லை."

கிற்றாரை மடியில் கிடத்தினாள். ஆண்டியப்பன் ஒலிபெருக்கியைக் கொழுவிவிட்டார். இடக்கையில் உருளையைப் பிடித்து வலக்கையால் கம்பியைத் தட்டினாள். சத்தம் நிறைந்து வந்தது. கடைக்குள் கிடந்த தகரமெல்லாம் அதிர்ந்தன. வீரகத்தியின் மேடைக் காலத்துக்குப் பிறகு அந்தக் கிற்றார் இப்படிப் பேசியிருக்காது. ஆனால் உருளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை; ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. தலையை வலப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்து வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் தள்ளி விழுந்தது. கண்ணை மூடியும் பார்த்தாள். அப்படியும் வரவில்லை. அப்பாவுக்கு வந்தது அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"காந்தம் நல்லா ஏறியிருக்கு அண்ணை" என்று சொல்லி விரிப்பால் சுற்றிக்கொண்டாள். பரந்தனைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்படியான கதை ஊருக்குள் மறைந்து கிடக்குமா? பரமேஸ்வரனின் வாய் ஒன்றே போதும். கொஞ்ச நாளில் கடைக்கு ஒரு மாதிரியான சனம் வரத் தொடங்கியது. எரியாத டோர்ச் லைட்டைக் கொண்டு வருவார்கள், நல்லாய் ஓடுகிற பம்பைப் பழுது என்று கொண்டு வருவார்கள். வேறு ஆட்கள் போகும்வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு சட்டையைத் தூக்கியோ சாரத்தை விலக்கியோ ஒரு இடத்தைக் காட்டி, "ஒண்டுமில்லை, சும்மா ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ" என்பார்கள். ஆண்டியப்பன் அதற்கென்று பலம் குறைந்த ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றை எடுத்து வைத்தார். தோல் எழும்பினால் எழும்புகிறது என்று சொல்லுவார். எந்த மெசினுக்குள் போகவேண்டி வந்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ என்று கெஞ்சுவார். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். சொல்லுவார்களோ மாட்டார்களோ, அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் யாருமில்லை. கமலாட்சி தேத்தண்ணியோடு வந்தார். பீப்பாவின்மேல் வைக்கவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்து, மேசையில் வைத்தார். ஆண்டியப்பன் நிமிர்ந்து பார்த்தார். மேசையில் பற்றறியும் கொழுவியபடி கிடந்தது, காந்தமும் கிடந்தது.

"பொறி பயம் எண்டு சொல்லுவாய்?"

கமலாட்சி முக்காலியை இழுத்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சண்டையின் கடைசி மாதத்தில் இருவரும் பிரிந்துபோய், முகாமில்தான் மறுபடி ஒருவரையொருவர் கண்டார்கள். அப்போது அந்த முதுகில் துணி சுற்றியிருந்தது. முள்ளுக்கம்பி என்று கமலாட்சி சொன்னார். அவர் நம்பினார். அந்தத் தழும்புக்கு எத்தனை தரம் எண்ணெய் பூசிவிட்டிருக்கிறார்!

கமலாட்சி வலக்கையால் சட்டையின் கழுத்தைப் பின்னால் இழுத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, எனக்கும் ஒருக்காப் பிடியுங்கோ."

ஆண்டியப்பன் காந்தத்தை எடுத்தார். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிட்டக் கொண்டுபோனார். தழும்புக்குக் கீழே, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், தோல் மெல்ல எழும்பியது.

"இருக்கோ?" கமலாட்சி திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இருக்கு" என்றார் ஆண்டியப்பன்.

காந்தத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். அங்கேயும் இருந்தது.